சென்னையில நரி வேட்டை: ஹாம் கிளப்ல ஃபாக்ஸ் ஹன்ட் நடத்துறதும் கண்டுபிடிக்கிறதும்

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நரிய, அதாவது ஒளிச்சு வெக்கற டிரான்ஸ்மிட்டர, எவர்சில்வர் டப்பாக்குள்ள வைக்காதீங்க. நாங்க முதல் தடவை ஹன்ட் நடத்துனப்போ அதைத்தான் பண்ணோம், மழை வந்தா நனையக்கூடாதேன்னு நல்ல டைட்டான டிபன் கேரியர்ல டிரான்ஸ்மிட்டர போட்டு மூடி கிளிப்பெல்லாம் மாட்டி ஒரு புதர் பக்கத்துல வெச்சுட்டு வந்தோம், ஆறு டீம் ஒண்ணரை மணி நேரம் வெயில்ல சுத்தி ஒருத்தருக்கும் ஒரு பீப் கூட கேக்கல. இரும்பு டப்பாக்குள்ள இருந்து சிக்னல் எப்படி வெளிய வரும். அடுத்த மாசத்துல இருந்து பிளாஸ்டிக் டப்பா, அதுக்கு மேல மஞ்சப்பை. மஞ்சப்பைய யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க, சென்னைல அதை விட நல்ல மறைவு எதுவும் கிடையாது.

புதுசா படிக்கிறவங்களுக்காக: ஹாம்னா லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா ரேடியோல பேசறவங்க. ஃபாக்ஸ் ஹன்ட்னா ஒருத்தர் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர எங்கயாவது ஒளிச்சு வெச்சுடுவார், அது விட்டு விட்டு சிக்னல் அனுப்பும், மத்தவங்க எல்லாரும் ஹேண்டியும் (கையில பிடிக்கற வாக்கிடாக்கி) ஆன்டெனாவும் வெச்சு திசைய கண்டுபிடிச்சு அதை தேடிப் போகணும். உலக அளவுல இது பெரிய ஸ்போர்ட்டே, காட்டுக்குள்ள அஞ்சு டிரான்ஸ்மிட்டர் வெச்சு ஓட விடுவாங்க, ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு சுத்து. மோர்ஸ்ல (டிட்னு குட்டி சத்தம், டான்னு நீள சத்தம் சேத்து எழுத்து அனுப்பற முறை) எம், ஓன்னு அடிச்சுட்டு அப்புறம் ஒரு எழுத்து வரும், முதல் நரிக்கு ஒரு டிட், ரெண்டாவதுக்கு ரெண்டு டிட், இப்படியே அஞ்சு வரைக்கும். அதனால மோர்ஸ் சுத்தமா தெரியாட்டியும் பரவால்ல, கடைசில எத்தனை டிட் வருதுன்னு எண்ணத் தெரிஞ்சா போதும்.

நம்ம கிளப் லெவலுக்கு ஒரு நரி போதும். ஹேண்டிய லோ பவர்ல, அதாவது ஒரு வாட் இல்ல அதுக்கும் கீழ வெச்சு, ஒளிஞ்சிருக்கறவரே அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஒரு நிமிஷம் பிடிடிய (பேசறதுக்கு அமுக்கற பட்டன்) அமுக்கி பேசினாலே வேலை முடிஞ்சது, பெரிய சர்க்யூட் எல்லாம் தேவையே இல்ல. தானா அனுப்புற குட்டி போர்டு செஞ்சு வெச்சிருந்தாலும் அதுல கால்சைன் (லைசென்ஸோட குடுக்கற அடையாளப் பேரு) கண்டிப்பா வரணும், வெச்சவர் கண்ணுக்கு தெரியற தூரத்துல உக்காந்திருக்கணும். யாருமே இல்லாம விட்டுட்டு டிபன் சாப்பிட போயிடக்கூடாது. லைசென்ஸ் விஷயத்துலயும் அப்படித்தான், டிரான்ஸ்மிட் பண்றது லைசென்ஸ் இருக்கறவர் மட்டும், இல்லாதவங்க அவங்க டீம்ல சேந்து ஆன்டெனா பிடிக்கலாம், மேப் பாக்கலாம். பசங்களுக்கு பன்னெண்டு வயசாச்சுன்னா பரீட்சை எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல்னு ரெண்டு கிரேடு, ஜெனரலுக்கு மோர்ஸ் உண்டு. நிறைய பசங்க இந்த மாதிரி ஒரு ஞாயித்துக்கிழம ஓடிட்டு வந்துதான் பரீட்சைக்கே புக்கு எடுத்தாங்க, கிளாஸ் ரூம்ல ஓம்ஸ் லா சொல்லிக் குடுத்தப்போ ஒருத்தன் கூட வரல.

ஃப்ரீக்வென்சி விஷயம். நமக்கு டூ மீட்டர்ங்கற பேண்ட்ல 144ல இருந்து 146 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்கு, அதுல ஊர் ரிப்பீட்டர் (நம்ம சிக்னல வாங்கி ஊருக்கே கேக்கற மாதிரி திரும்ப அனுப்பற நிலையம்) வாங்கற இன்புட்டும் அனுப்பற அவுட்புட்டும் தொடாத இடமா பாத்துக்கணும், 145.800க்கு மேல சாட்டிலைட்டுக்கு விட்டுடணும். நாங்க 145.200 மாதிரி ஏதாவது எடுப்போம், முந்தின நாள் சாயந்தரம் கொஞ்ச நேரம் கேட்டுப் பாத்து காலியா இருந்தா அதை அறிவிப்போம். இந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ ஒரு டிரிக்குக்கு வேணும்.

இப்ப ஆன்டெனா. கடைல ரெடிமேடா வாங்காதீங்க, டேப் ஆன்டெனா செய்யுங்க. கார்பென்டர் வெச்சிருப்பாரே மெஷரிங் டேப், அந்த ஸ்டீல் டேப்ப வெட்டி பிவிசி பைப்புல மாட்டற மூணு எலிமென்ட் யாகி, அதாவது ஒரு பக்கமா நல்லா கேக்கற ஆன்டெனா, உலகம் பூரா ஹாம்ங்க இதைத்தான் செய்யறாங்க. ஏன்னா வளைஞ்சாலும் திரும்ப நிமிந்துக்கும், மரக்கிளைக்குள்ள நுழைஞ்சு போனாலும் ஒடியாது, பஸ்ல கொண்டு போலாம். அளவு இதான், எழுதி வெச்சுக்கோங்க. பின்னாடி ரிஃப்ளெக்டர் 105 செ.மீ. நடுவுல கேபிள் மாட்டற டிரிவன் எலிமென்ட் ரெண்டு துண்டு, ஒவ்வொண்ணும் 45 செ.மீ., நடுவுல ஒரு இஞ்ச் இடைவெளி. முன்னாடி டைரக்டர் 89 செ.மீ. ரிஃப்ளெக்டருக்கும் டிரிவனுக்கும் நடுவுல 20 செ.மீ., டிரிவனுக்கும் டைரக்டருக்கும் நடுவுல 32 செ.மீ. கொஞ்சம் கம்மி. அப்புறம் 12.7 செ.மீ. கம்பிய யூ மாதிரி வளைச்சு அந்த ரெண்டு துண்டுக்கும் குறுக்கால சால்டர் பண்ணணும், அதுக்கு பேரு ஹேர்பின், அது இல்லாம மேட்ச் ஆகாது, புதுசா செய்யறவங்க பாதிப்பேர் அதைத்தான் மறந்துட்டு ஆன்டெனா வேலை செய்யலன்னு போன் பண்ணுவாங்க.

ஹார்டுவேர் கடைல அரை இஞ்ச் பிவிசி பைப், கிராஸ் ரெண்டு, டீ ஒண்ணு, ஹோஸ் கிளாம்ப் ஆறு கேளுங்க. டேப் ஒரு இஞ்ச் அகலம் உள்ளதா அஞ்சு மீட்டர் வாங்குங்க, மூணு மீட்டர்லயே வந்துடும்தான் ஆனா ஒரு தடவ தப்பா வெட்டினா முடிஞ்சது கதை. ஆர்ஜி 58 கேபிளும் உங்க ஹேண்டிக்கு ஏத்த கனெக்டரும் ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும், ஹேண்டிய கையோட எடுத்துட்டு போயி மாட்டிப் பாத்து வாங்குங்க, ஆணா பெண்ணான்னு குழம்பி ரெண்டு தடவ மவுன்ட் ரோடு வரைக்கும் போய் வந்தவன் சொல்றேன். சால்டர் பண்றதுக்கு முன்னாடி டேப்புல இருக்கற மஞ்ச பெயிண்ட்ட உப்புக்காகிதம் போட்டு நல்லா தேய்ச்சு பளபளன்னு ஆக்குங்க, பெயிண்ட் மேல ஈயம் ஒட்டவே ஒட்டாது. வெட்டின முனையெல்லாம் பிளேடு மாதிரி இருக்கும், ரவுண்டா வெட்டி இன்சுலேஷன் டேப் சுத்திடுங்க. இதை சும்மா சொல்லல, முனை கண்ணு லெவல்ல வரும், பக்கத்துல குழந்தைங்க ஓடும். எனக்கு எல்லாம் சேத்து ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சது, கனெக்டருக்காக போன ஆட்டோ காசு தனி.

சரி, கையில ஆன்டெனா இருக்கு. இனி எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு சொல்றேன். சிக்னல் எங்க ஜாஸ்தியா இருக்கோ அந்தப் பக்கம் ஓடறது. அதை நம்பாதீங்க. இந்த ஆன்டெனாவோட முன்பக்கம் ரொம்ப அகலம், அம்பது அறுவது டிகிரி திருப்பினாலும் ஹேண்டில இருக்கற சிக்னல் மீட்டர் ஃபுல்லா நிக்கும், எது நடுன்னே தெரியாது. கம்மியாகற இடம்தான் கூர்மையா இருக்கும். அதனால திருப்பி பிடிச்சு, ஆன்டெனாவோட முதுகு எந்தப் பக்கம் இருக்கறப்போ சிக்னல் படுத்துடுதோ அதைப் பாருங்க, நரி அந்த முதுகுப்பக்கம். ரெண்டு தடவ முன்பக்கம், ரெண்டு தடவ பின்பக்கம்னு சரி பாத்துட்டு அப்புறம் நடங்க. நரியோட ஆன்டெனா நின்னுட்டு இருந்தா உங்க எலிமென்ட்டும் நின்ன வாக்குல இருக்கணும், படுக்க வெச்சா சிக்னல் பாதி செத்துடும்.

ஆன்டெனாவே இல்லாம வெறும் ஹேண்டி மட்டும் இருக்கறவங்க ஆத்மப்பிரதட்சணம் பண்ணுங்க. நிஜமாத்தான். ஹேண்டிய நெஞ்சோட ஒட்டி பிடிச்சுக்கிட்டு நின்ன இடத்துலயே மெதுவா ஒரு சுத்து சுத்துங்க, நம்ம உடம்பே தண்ணிமூட்டை மாதிரி சிக்னல தடுக்கும், எந்த திசைய பாத்து நிக்கறப்போ ரொம்ப கம்மியா கேக்குதோ அப்ப நரி உங்க முதுகுக்கு நேர் பின்னாடி இருக்கு. கோயில் வாசல்ல நின்னு பண்ணினா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, ரோட்டுல பண்ணினா கொஞ்சம் பாப்பாங்க. அதுக்கெல்லாம் கூச்சப்பட்டா இந்த விளையாட்டு சரிப்படாது.

முதல் பேரிங்க, அதாவது சிக்னல் வர்ற திசைய, உயரமான இடத்துல இருந்து எடுங்க, மொட்டை மாடி கிடைச்சா யோகம். போன்ல காம்பஸ் போதும், சென்னைல காந்த வடக்குக்கும் மேப் வடக்குக்கும் ரெண்டு டிகிரி கூட வித்தியாசம் இல்ல, அதை விட்டுடலாம். ஆனா வண்டி பக்கத்துல நின்னு காம்பஸ் பாக்காதீங்க, இரும்பு அதை இழுத்துடும், பத்தடி தள்ளி வாங்க. மேப்புல ஒரு கோடு போடுங்க, அப்புறம் அந்தக் கோட்டு மேலயே நேரா நரிய பாத்து ஓடாம பக்கவாட்டுல ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் இன்னொரு கோடு போடுங்க, ரெண்டும் வெட்டற இடம்தான் முதல் சந்தேகம். மூணாவது கோடும் அதே இடத்துல வெட்டினா மட்டும் நம்புங்க.

ஏன் மூணாவது வேணும்னா, சென்னைல கட்டடம் பொய் சொல்லும். ஒரு தடவ திருவான்மியூர்ல எல்பி ரோட்டு பக்கம் நின்னு பேரிங் எடுத்தேன், மேற்கால செம்ம சிக்னல், சந்தேகமே இல்லன்னு தரமணி வரைக்கும் போயிட்டேன், போகப் போக சிக்னல் தேயுது. நரி பெசன்ட் நகர் பீச்சுல ஷ்மிட் நினைவுச்சின்னத்துக்கு பக்கத்துல ஒரு இளநி வண்டிக்கு கீழ சொகுசா இருந்திருக்கு. எனக்கு கேட்டது பறக்கும் ரயில் பாலத்துல பட்டு திரும்பின சிக்னல், அவ்ளோ கம்பியும் கான்கிரீட்டும் இருக்கறப்போ அது பெரிய கண்ணாடி மாதிரிதான். நான் கடைசியா போய் சேந்தப்போ இளநிக்காரர் கேட்டது இன்னும் காதுல இருக்கு, "இன்னா சார் இது, காலைல இருந்து ஆளாளுக்கு டிவி ஆன்டெனாவ தூக்கினு என் வண்டியவே சுத்தினுகிறீங்க, கேபிள் கட்டாயிச்சா?" அவருக்கு முன்னாடியே சொல்லி பர்மிஷன் வாங்கித்தான் வெச்சிருந்தாங்க, என்னைப் பாத்து வேணும்னே நடிச்சிருக்கார் மனுஷன். திரும்பின சிக்னல கண்டுபிடிக்க ஒரு வழி, நாலு எட்டு தள்ளி நின்னு திரும்ப பாருங்க, பொய் சிக்னல்னா திசை குதிக்கும், நிஜம்னா நகராம நிக்கும். மெட்ரோ தூண், ஃப்ளைஓவர், கண்ணாடி போட்ட ஐடி கட்டடம் பக்கத்துல எடுத்த எந்த பேரிங்கையும் பென்சில்ல மட்டும் போடுங்க.

கடைசி இருநூறு மீட்டர்தான் நிஜ ஆட்டம். அங்க போனதும் ஹேண்டி மீட்டர் எல்லா பக்கமும் ஃபுல்லா நிக்கும், ஆன்டெனாவ எப்படி திருப்பினாலும் ஒண்ணுதான். அப்ப சிக்னல எப்படியாவது குறைக்கணும். முதல்ல அஞ்சு, பத்து கிலோஹெர்ட்ஸ் தள்ளி டியூன் பண்ணுங்க, கொஞ்சம் அடங்கும். இன்னும் கிட்ட வந்தா மூணு மடங்கு டிரிக், நரி 145.200ல இருந்தா ஹேண்டிய 435.600ல வைங்க, எந்த டிரான்ஸ்மிட்டரும் அதோட மூணாவது ஹார்மானிக்க, அதாவது மூணு மடங்கு ஃப்ரீக்வென்சில ஒரு சிக்னல, கொஞ்சமாவது கசியவிடும், அது ரொம்ப வீக்கா இருக்கறதால பக்கத்துல வந்தாத்தான் கேக்கும், அதுவே நமக்கு வேணும். அதுக்கும் அப்புறம் ஆன்டெனாவ கழட்டிட்டு வெறும் ஹேண்டிய கையில பிடிச்சு ஆத்மப்பிரதட்சணம். எங்க கிளப்ல ஒரு அம்மா இட்லி கட்டற அலுமினியம் ஃபாயில ஹேண்டிய சுத்தி ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் திறந்து வெச்சுக்கிட்டு வருவாங்க, பாக்க சிரிப்பா இருக்கும், மூணு ஹன்ட்ல ரெண்டு அவங்கதான் ஜெயிப்பாங்க. எலக்ட்ரானிக்ஸ் கை இருக்கறவங்க நாலு மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர், ஒரு டையோடு, ஒரு வால்யூம் கன்ட்ரோல் வெச்சு சிக்னல குறைக்கற ஆஃப்செட் அட்டெனுவேட்டர் செய்யலாம், 145.200 சிக்னல் 149.200ல கேக்கும், எவ்ளோ வேணுமோ திருகி குறைச்சுக்கலாம். ஃபாயில் இருக்கறப்போ எனக்கு அது தேவைப்படல.

நடத்துறவங்களுக்கு சில விஷயம். யார் முதல்ல வந்தாங்கன்னு நேரத்த வெச்சு மார்க் போடாதீங்க, நம்ம ரோட்டுல அது வேண்டாம், எவனாவது சிக்னல் தாண்டுவான். வண்டில போற ஹன்ட்டுன்னா கிளம்பறப்போ ஓடோமீட்டர போட்டோ எடுத்து, கம்மி கிலோமீட்டர் ஓடினவருக்கு முதல் பரிசு. யோசிச்சு பேரிங் எடுக்கறவன் ஜெயிப்பான், கண்ணை மூடிட்டு ஆக்ஸிலேட்டர முறுக்கறவன் தோப்பான். டூவீலர்ல பின்னாடி உக்காந்து ஆன்டெனாவ நீட்டிக்கிட்டு போற வேலையே கூடாது, நிறுத்து, இறங்கு, எடு, மடக்கு, கிளம்பு. நடக்கற ஹன்ட்டுன்னா பீச்சு நல்லது, கடல் பக்கம் ஒண்ணும் இல்லாததால பொய் சிக்னல் கம்மி, புதுசா வர்றவங்களுக்கு முதல் தடவையே கிடைச்சுடும். ஏர்போர்ட், துறைமுகம், கோட்டை, கவர்னர் மாளிகை, பரங்கிமலை மிலிட்டரி ஏரியா, இந்தப் பக்கமே போகாதீங்க. எங்க நடத்தினாலும் அந்த ஏரியா போலீஸ் ஸ்டேஷன்ல முன்னாடியே கிளப் லெட்டர்ஹெட்ல ஒரு கடுதாசி குடுத்துடுங்க, லைசென்ஸ் இருக்கறவங்க எல்லாரும் அதோட காப்பிய பாக்கெட்ல வெச்சுக்கணும். ஆன்டெனாவோட ஆறு பேர் ஒரு பார்க்க சுத்தினா யாராவது நூறுக்கு போன் போடத்தான் செய்வாங்க, அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. முக்கியமா, யாரும் இல்லாம ஒயரும் பேட்டரியுமா ஒரு பை கிடந்தா பாக்கறவன் என்ன நினைப்பான்னு யோசிங்க, பை மேல கிளப் பேரு, கால்சைன், போன் நம்பர் பெருசா எழுதி ஒட்டுங்க. நேரம் காலைல ஆறுக்கு ஆரம்பிச்சு எட்டரைக்குள்ள முடிக்கணும், மே மாசத்துல நடத்தவே நடத்தாதீங்க, மார்கழிதான் சொர்க்கம்.

ஹன்ட் இல்லாத மாசத்துல அதே டேப் ஆன்டெனா சும்மா தூங்க வேண்டாம், இன்டர்நேஷனல் ஸ்பேஸ் ஸ்டேஷன் நம்ம தலைக்கு மேல போறப்போ 145.800ல கேளுங்க, சில நாள் எஸ்எஸ்டிவில (படத்த சத்தமா மாத்தி ரேடியோல அனுப்பற முறை) படமே அனுப்புவாங்க, போன்ல ஒரு ஆப் போட்டு ஸ்பீக்கர் பக்கத்துல வெச்சா போதும், வரி வரியா படம் இறங்கும். ஒரு பாஸ் அதிகபட்சம் பத்து நிமிஷம்தான். பழைய ஆளுங்க இதுக்கே ஹாம்சாட் கதைய ஆரம்பிச்சுடுவாங்க, 2005 மே 5ல நம்ம பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து பிஎஸ்எல்வி சி6ல போன சாட்டிலைட், நம்ம ஹாம்ங்களுக்குன்னே இஸ்ரோ விட்டது, 2014 வரைக்கும் ஓடுச்சு. கதை கேட்டுக்கோங்க, காபி வாங்கித் தருவாங்க.

பெரிய போட்டில ஆசை இருக்கறவங்களுக்கு அக்டோபர் கடைசி முழு வார இறுதில சிக்யூ வேர்ல்டுவைடுன்னு உலகம் பூரா ஹாம்ங்களோட பேசற குரல் போட்டி இருக்கு, நம்ம நேரத்துக்கு சனிக்கிழம விடியகாலை அஞ்சரைக்கு ஆரம்பிச்சு நாப்பத்தெட்டு மணி நேரம். சொல்ல வேண்டியது சிம்பிள், "ஃபைவ் நைன் ட்வென்ட்டி டூ", ஃபைவ் நைன்னா சிக்னல் நல்லா கேக்குதுன்னு அர்த்தம், இருபத்திரெண்டு நம்ம சோன், அதாவது போட்டிக்காக உலகத்த பிரிச்சதுல நம்ம பகுதி. வேற கண்டத்து ஆளுக்கு மூணு பாயின்ட், ஆசியாக்குள்ள வேற நாடுன்னா ஒண்ணு, இந்தியாக்குள்ள பேசினா பாயின்ட் பூஜ்யம் ஆனா நாடும் சோனும் மொத்த பாயின்ட்ட பெருக்கற மல்டிப்ளையரா சேரும், அதனால நம்ம ஊர்க்காரர் ஒருத்தர்கிட்டயாவது பேசிடுங்க. முடிஞ்சு அஞ்சு நாளைக்குள்ள லாக், அதாவது யார் யார்கிட்ட பேசினோம்ங்கற பட்டியல், அனுப்பணும். ஒரே ஒரு எச்சரிக்கை, அது நம்ம ஐப்பசி மழைக் காலம், இடி கேட்டா போட்டியாவது ஒண்ணாவது, கேபிள கழட்டி ஜன்னலுக்கு வெளிய போட்டுடுங்க.

இதெல்லாம் வெறும் விளையாட்டான்னு வீட்டுல கேப்பாங்க. 2004 சுனாமி அப்போ பாரதி பிரசாத்ங்கற ஹாம், அந்தமான்ல இருந்து வியூ4ஆர்பிஐங்கற கால்சைன்ல உலக ஹாம்ங்களோட பேசறதுக்காகப் போயிருந்தவங்க, போன் எல்லாம் செத்த உடனே போர்ட் பிளேர்ல இருந்து அவங்க செட்டு வழியாத்தான் எத்தனையோ குடும்பத்துக்கு சேதி போச்சு. அதைச் சொல்லுங்க. நான் வீட்டுல சொல்றது வேற கதை. ஒரு ராத்திரி ரிப்பீட்டர் ஜாம், யாரோ பிடிடி அமுங்கிக் கிடக்கு, டிவி சீரியல் சத்தமும் மிக்ஸி சத்தமும் மட்டும் ஊருக்கே கேக்குது, யாரும் பேச முடியல. நாங்க மூணு பேர் இன்புட் ஃப்ரீக்வென்சில பேரிங் எடுத்துக்கிட்டே போனா நங்கநல்லூர்ல ஒரு அபார்ட்மென்ட், காலிங் பெல் அடிச்சா கதவத் திறந்தவர் எங்க மெம்பர் தான், ஹேண்டி சோஃபா குஷனுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நாலு மணி நேரமா பேசிக்கிட்டு இருந்திருக்கு. அவர் மாமியார் எங்களுக்கு அடை வார்த்துப் போட்டாங்க, சீரியல்ல அடுத்து என்ன ஆச்சுன்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும்.

ஹன்ட் முடிஞ்சதும் மறக்காம நரிய ஆஃப் பண்ணுங்க, கூட்டத்துல எல்லாரும் இன்னொருத்தர் பண்ணியிருப்பார்னு நினைச்சுப்பாங்க. போன தடவ அடையார்ல டிபன் சாப்பிட உக்காந்தோம், பன்னெண்டு ஹேண்டியும் டேபிள் மேல, பொங்கல் வர்ற நேரத்துல எல்லாத்துலயும் ஒரே சமயத்துல டா டா, டா டா டா, டிட். சர்வர் தட்ட கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டார். மஞ்சப்பை எங்கன்னு தேட ஆரம்பிச்சோம், யாரும் ஆன்டெனாவ எடுக்கல, ஃபாயில் அம்மா மட்டும் எழுந்து நின்னு அந்த இடத்துலயே ஒரு சுத்து சுத்தி, பின்பக்கம் கையக் காட்டிட்டு திரும்ப உக்காந்து வடைய எடுத்தாங்க. என் சேருக்கு கீழதான் இருந்துச்சு.